காலர் அல்போன்சாவும் ஒரே ஒரு பாத்ரூமும்

பொம்மனஹள்ளியில் போய் அல்போன்சா வீடு எது என்று கேட்டால், எந்த அல்போன்சா என்பார்கள். கோயில் பாட்டுக்குழுவில் ஒருத்தி இருக்கிறாள், பால் பூத்தில் ஒருத்தி இருக்கிறாள். காலர் அல்போன்சா என்று கேட்டுப் பாருங்கள், வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். சட்டைக்குக் காலர் வைப்பதில் அந்த வட்டாரத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். நோயலைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்தவள், வந்த வருஷமே ஒரு பெரிய கம்பெனியில் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கம்பெனி ஒருநாள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே எங்கேயோ போய்விட்டது. அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போகமுடியாத பெண்களெல்லாம் சின்னச் சின்ன யூனிட்டுகளில் போய் ஒண்டிக்கொண்டார்கள். அல்போன்சா ஒண்டியது சுந்தரேசன் என்பவருடைய யூனிட்டில். கீழே இஸ்திரியும் பேக்கிங்கும், மாடியில் தையல். மாடி முழுக்கப் பெண்கள். வாணியம்பாடி, திருப்பத்தூர், ராய்ச்சூர், ஒடிசா என்று பிழைப்புக்காக வந்து சேர்ந்தவர்கள்.

இங்கே பீஸ் கணக்கில்தான் சம்பளம். ஒரு காலருக்கு இவ்வளவு, ஒரு ஜோடிக் கைக்கு இவ்வளவு. தைத்தால் காசு. தைக்காவிட்டால் ஃபேன் காற்று மட்டும் இலவசம்.

பழைய கம்பெனியில் கத்துவதற்கென்றே ஒரு சூப்பர்வைசர் இருந்தான். சுந்தரேசன் அப்படியில்லை, அவர் குரலை உயர்த்தியே யாரும் கேட்டதில்லை. "நான் யாரையும் புடிச்சு வெக்கலம்மா. எப்ப வேணா எழுந்திருங்க, எப்ப வேணா உட்காருங்க. உங்க கை, உங்க காசு" என்பார். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். எனக்கு வயிற்றெரிச்சலே அந்த நல்ல வார்த்தையின் மேல்தான். கத்துகிற ஆளாக இருந்தால் திருப்பிக் கத்தியாவது தொலைக்கலாம். இங்கே ஒவ்வொருத்தியும் தனக்குத்தானே சூப்பர்வைசராகி, தன்னையே விரட்டிக்கொண்டாள்.

ஊசி விரலில் ஏறாமல் இருக்க மிஷினில் ஒரு சின்னத் தடுப்பு இருக்கும். அது இருந்தால் கை ஓடாது என்று எல்லோரும் அதைக் கழற்றி வைத்துவிட்டார்கள். நகத்தில் ஊசி இறங்கினால் வெட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த பீஸை எடுப்பார்கள். சோற்றை மென்று தின்ன நேரமில்லாமல் முழுங்குவார்கள். மாதவிலக்கு நாளில்கூடத் துணி மாற்ற எழுந்திருக்கமாட்டார்கள். இதையெல்லாம் விடப் பெரிய கூத்து ஒன்று இருந்தது. வேலை நேரத்தில் யாரும் தண்ணீர் குடிக்கமாட்டார்கள்.

குடித்தால் எழுந்து போகவேண்டி வரும், அவ்வளவுதான் காரணம். அந்தக் கட்டடத்துக்குப் பெண்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு பாத்ரூம். படியிறங்கி, கேட்டுக்கு வெளியே தெருவுக்கு வந்து, பக்கத்துச் சந்துக்குள் திரும்பவேண்டும். போய்வருவதற்குள் எத்தனை காலர் போச்சு என்று மனசு கணக்குப் போடும். அதனால் காலையில் கொண்டுவந்த பாட்டிலைச் சாயங்காலம் அப்படியே நிறையத் திருப்பிக் கொண்டுபோவது அங்கே ஒரு கெட்டிக்காரத்தனம். "இன்னைக்கு ஒரு வாய் கூடத் தொடல" என்று உபவாசம் இருந்தவள் மாதிரி பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். புதிதாக ஒருத்தி சேர்ந்தால் பாபின் மாற்றச் சொல்லித் தருவதற்கு முன்னால் தண்ணீர் குடிக்காமல் இருக்கத்தான் சொல்லித் தருவார்கள். இந்தக் கெட்டிக்காரத்தனத்திலும் முதல் இடம் நம் அல்போன்சாவுக்குத்தான்.

இன்னொன்றும் உண்டு. அல்போன்சா காலர் வைத்த சட்டைகள் கட்டுக்கட்டாகப் பக்கத்து மிஷினுக்குப் போகும். அங்கே சரசு உட்கார்ந்து கை வைப்பாள். சரசு முடித்தால் அடுத்தவள் பக்கம் மூட்டுவாள். இப்படியே போய்க் கடைசி மிஷினில் சட்டை முடியும். அல்போன்சா எழுந்து போனால் சரசுவின் கை சும்மா இருக்கும், கை சும்மா இருந்தால் காசு இல்லை. ஆகவே எழுந்திருப்பவள் தன் வயிற்றில் மட்டும் அடிப்பதில்லை, பக்கத்தில் இருப்பவள் வயிற்றிலும் அடிக்கிறாள் என்றாகிவிட்டது.

போன வெயில் காலத்தில் அல்போன்சாவுக்கு ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல் ஆரம்பித்தது. சூடு என்று நினைத்துப் பார்லி கஞ்சி குடித்தாள். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஒரு சிவப்பு சிரப் வாங்கி ஒளித்து ஒளித்துக் குடித்தாள். கொஞ்சம் அடங்கும், மறுபடி வரும். ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வலி, உடம்பெல்லாம் உதறல். மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். நோயல் தன் லக்கேஜ் ஆட்டோவைக் கொண்டுவந்து, பின்னால் இருந்த தக்காளிக் கூடைகளோடு அவளையும் உட்காரவைத்து க்ளினிக்குக்குக் கொண்டுபோனான்.

டாக்டர் சுப்ரியா கன்னடக்காரர், ஆனால் தமிழ் நன்றாக வரும். டெஸ்ட் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தண்ணி எஷ்டு குடிப்பீங்க?"

"வேலைக்குப் போனா குடிக்க மாட்டேன் டாக்டர்."

"குடிக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

அல்போன்சா யோசித்துப் பார்த்தாள். "யாரும் சொல்லல."

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. சிறுநீரில் கிருமி ஏறி ஏறிக் கிட்னிக்குப் போய்விட்டது என்றார். இந்த முறை மருந்தில் அடக்கிவிடலாம், இன்னொரு முறை இப்படிக் காய்ச்சலோடு வந்தால் கிட்னிக்குத் தான் பொறுப்பில்லை என்றார். "மருந்து நான் கொடுப்பேன். ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து போறதுக்கு நான் வர முடியாது. அதை நீங்கதான் பண்ணணும்."

வீட்டுக்கு வந்ததும் நோயல் சொன்னான், "பேடா, வேணாம். விட்டுத் தொலை அந்த வேலைய."

"விட்டுட்டு? லவினாவுக்கு காலேஜ் ஃபீஸ் உன் தக்காளி கட்டுமா?"

மகள் பேரைச் சொன்னதும் நோயல் எழுந்துவிட்டான். வெளியே போனவன் திரும்பி வரும்போது ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு வந்தான். அவனால் முடிந்தது அது. பாவம், நல்ல மனுஷன்.

காய்ச்சல் விட்டதும் அல்போன்சா வேலைக்குப் போனாள். தண்ணீர் குடித்தாள். எழுந்து போனாள். முதல் தடவை போய்வந்தபோதே சரசு முறைத்தாள். இரண்டாவது தடவை வந்தபோது வாயைத் திறந்துவிட்டாள். சரசு வாணியம்பாடிக்காரி. கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம்.

"ஏங்க்கா, நீ காத்து வாங்கப் போயிகினே இருந்தா நான் இங்க ஈ ஓட்டிகினு இருக்கறதா?"

"டாக்டர் சொல்லிக்கிறாங்க சரசு. கிட்னியில ப்ராப்ளம்."

"உனக்குக் கிட்னி, எனக்கு வாடகை. நான் எங்க போயி அழறது?"

அல்போன்சாவுக்குச் சரசு மேல் கோபம்கூட வரவில்லை, ஏனென்றால் அவள் சொன்னது நிஜம். சாயங்காலம் சுந்தரேசனிடம் போய் நின்றாள். அவர் வழக்கம்போல இதமாகத்தான் பேசினார். "தாராளமா போங்கம்மா, நான் வேணாம்னு சொன்னேனா? ஆனா லைன் நிக்கக் கூடாது பாருங்க. முடியலன்னா நூல் வெட்டற டேபிளுக்கு வந்துடுங்க. காலருக்கு வேற ஆள் போட்டுக்கறேன்." நூல் வெட்டுகிற வேலைக்குக் கிடைக்கும் காசில் லவினாவின் பஸ் பாஸ்தான் வாங்கலாம். ஆக, கிட்னியா, காலரா என்று அவளே முடிவு பண்ணிக்கொள்ளலாம். அவர்தான் யாரையும் பிடித்து வைக்கவில்லையே.

அந்த வாரம் முழுக்க அல்போன்சா பாதிக் குடியும் பாதி அடக்கலுமாக ஓட்டினாள். இடுப்பில் பழைய வலி மெல்லத் தலைகாட்டியது. இரவெல்லாம் படுத்துக்கொண்டு பயந்தாள். பயம் ஒரு கட்டத்துக்கு மேல் போனால் எரிச்சலாக மாறிவிடும் இல்லையா, அது மாறியது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், வழக்கமாகப் பைக்குள் தலையை விட்டு ஒளித்துக் குடிக்கிற சிரப்பை எடுத்து, எல்லோரும் சாப்பிடுகிற பாயின் நடுவில் டப்பென்று வைத்தாள்.

"இனிமே ஒளிச்சுக் குடிக்கப் போறதில்ல. பாக்கறவங்க பாத்துக்கோங்க."

சரசு அந்த சிவப்பு பாட்டிலையே பார்த்தாள். ஒரு உருண்டைச் சோற்றை வாய்க்கு எடுத்துப் போனவள், அதை டிபனில் திரும்பப் போட்டாள். பிறகு தன் பையை இழுத்து, அடியில் கிடந்த துணியைப் பிரித்து, அதே சிரப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"எவ்ளோ நாளாடி?" என்று கேட்டாள் அல்போன்சா.

"தீபாவளியிலேருந்து."

"அப்புறம் ஏண்டி என்னை அந்தப் பேச்சு பேசின?"

"நான் அடக்கிகினு இருக்கேன், நீ மட்டும் போறியேன்னு வயித்தெரிச்சல்" என்றாள் சரசு. சொல்லிவிட்டு அழுதாள். சரசு அழுது யாரும் பார்த்ததில்லை. அதைப் பார்த்ததும் பக்கம் மூட்டுகிற ராய்ச்சூர்க்காரி ஒரு பாட்டிலை எடுத்தாள். பொத்தான் வைக்கிறவளிடமிருந்து ஒன்று வந்தது. மொழி தெரியாத ஒடிசாப் பெண்ணுக்கு அந்தச் சிவப்பு நிறமே போதுமானதாக இருந்தது, அவளும் ஒன்றை எடுத்து வைத்தாள். ஆறேழு மொழி பேசுகிற மாடியில் எல்லோருக்கும் ஒரே மெடிக்கல் ஷாப், ஒரே சிரப். கொஞ்ச நேரத்தில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. அடிப்பாவிகளா, இத்தனை வருஷம் ஒருத்திக்கொருத்தி ஒளித்துவைத்திருந்தது இதைத்தானா.

சிரிப்பு ஓய்ந்ததும் அல்போன்சா சொன்னாள். "நான் மட்டும் எழுந்தா சரசுவுக்கு வேல நிக்குது. சரசு எழுந்தா அடுத்தவளுக்கு. எல்லாரும் ஒண்ணா எழுந்துட்டா?"

"இருக்கறது ஒரு பாத்ரூம்க்கா" என்றாள் சரசு.

"லைன்ல நிப்போம்."

சரசு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேகமான ஆள் என்று சொன்னேன் இல்லையா, யோசனையிலும் வேகம்தான். "இன்னைக்கு வேணாம். ஷிப்மென்ட் போற அன்னைக்குப் போவோம். அன்னைக்குத்தான் நாம இருக்கறதே அந்தாளு கண்ணுக்குத் தெரியும்."

எதிரே அரசாங்கப் பள்ளிக்கூடம். காலையில் இன்டர்வெல் பெல் அடித்தால் தெருக்கோடிவரை கேட்கும். அதையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள்.

அந்த நாள் வந்தது. லாரி கீழே வந்து நின்றிருந்தது. வாங்குகிற கம்பெனியிலிருந்து சரக்கைப் பார்க்க ஆள் வரப்போகிறார் என்று சுந்தரேசன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மாடியில் பெண்கள் உட்கார்ந்ததும் பாட்டிலைத் திறந்தார்கள். குடித்தார்கள். அவரவர் பாட்டில் தீர்ந்ததும் மூலையில் இருந்த கேனையும் விட்டுவைக்கவில்லை. நடிப்பு என்று நாளைக்கு ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்று அல்போன்சா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பெல் அடிப்பதற்கு முன்பே பாதிப் பேர் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பெல் அடித்தது. மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த மாடியில் வேலை நேரத்தில் அப்படி ஒரு நிசப்தத்தை யாரும் கேட்டதில்லை. முதலில் அல்போன்சா எழுந்தாள். அடுத்து சரசு. அதற்கடுத்து வரிசையாக எல்லோரும். படியிறங்கி, கேட்டைத் தாண்டி, சந்துக்குள் திரும்பி, பாத்ரூம் கதவு முன்னால் போய் நின்றார்கள். சந்து நிறைந்து தெருவுக்கு வந்தது வரிசை. பேக்கரியைத் தாண்டியது, ரீசார்ஜ் கடையைத் தாண்டியது. வரிசையின் வால் இன்னும் மாடிப்படியில்தான் இருந்தது. மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டு அல்போன்சாவும் சரசுவும் பேக்கரி வாசலில் வந்து நின்றார்கள்.

பேக்கரிக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். "ஏனம்மா இது, ரேஷனா?"

"ரேஷன் இல்லண்ணா, பாத்ரூம்" என்றாள் சரசு, தெருவுக்கே கேட்கிற மாதிரி. "இத்தினி பேருக்கும் ஒண்ணே ஒண்ணு."

இன்சார்ஜ் முனியப்பன் ஓடிவந்து பார்த்துவிட்டு, ஓடிப்போய் சுந்தரேசனைக் கூட்டிவந்தான். சுந்தரேசன் வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார். முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது.

"என்னம்மா இது, ஸ்ட்ரைக்கா?"

"ஸ்ட்ரைக் எல்லாம் இல்ல சார்" என்றாள் அல்போன்சா. "எப்ப வேணா எழுந்து போங்கன்னு நீங்கதான சொன்னீங்க. எல்லாருக்கும் இப்பத்தான் வந்துச்சு."

வரிசை மொத்தமும் குலுங்கியது. சிலருக்குச் சிரிக்கவே பயம், சிரித்தால் அங்கேயே ஆகிவிடும். சுந்தரேசன் வாயிலிருந்தே வந்த வார்த்தை அது, அதை எப்படி இல்லை என்பார்.

இந்தச் சமயம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. சரக்கைப் பார்க்க வேண்டிய வீணா மேடம் இறங்கினார். அந்தம்மா வொயிட்ஃபீல்டிலிருந்து கிளம்பி, சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டி, வண்டியிலேயே காலை முழுக்க உட்கார்ந்திருந்தவர். சுந்தரேசன் கும்பிடு போடுவதற்குள் அவர் கேட்டது சரக்கைப் பற்றி இல்லை.

"ரெஸ்ட்ரூம் எங்க இருக்கு?"

சரசு ரொம்ப மரியாதையாக மாடிப்படியைக் காட்டினாள். "லைன் அங்கதான் முடியுது மேடம்."

"சீச்சீ, மேடம் முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்று சுந்தரேசன் வழிவிடச் சொல்லிக் கையை ஆட்டினார். வீணா மேடம் நகரவில்லை. வரிசையைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒடிசாப் பெண்ணைப் பார்த்தார். "இவங்க எல்லாருக்கும் எத்தனை டாய்லெட்?" என்று அல்போன்சாவைக் கேட்டார்.

"ஒண்ணு மேடம்."

வீணா மேடம் நேராகப் போய் மாடிப்படியில் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார். அவருக்கு அவசரம்தான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சுந்தரேசனுடைய புதுச் சட்டை அந்த நிமிஷத்தில் வியர்வையில் நனைந்தது.

அவர் அல்போன்சாவிடம் வந்து மெதுவாகக் கேட்டார். "இப்ப என்னதான்மா வேணும் உங்களுக்கு?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார்கள். அல்போன்சா சொன்னாள், மனப்பாடமாக. தினத்துக்கு இவ்வளவு என்று நிலையான ஒரு கூலி வேண்டும், பீஸ் காசு அதற்கு மேலே போனஸ் மாதிரி இருக்கட்டும். இன்னும் இரண்டு பாத்ரூம், மாடியிலேயே. காலையிலும் சாயங்காலமும் பெல் அடித்து எல்லா மிஷினும் ஒன்றாக நிற்க வேண்டும், ஒருத்தி நின்று ஒருத்தி ஓடுகிற கதை வேண்டாம்.

"யோசிச்சு சொல்றேன்" என்றார் சுந்தரேசன்.

"யோசிங்க சார். லைன் இன்னும் நெறய இருக்கு, நிதானமா யோசிங்க."

பாத்ரூம் கதவு திறந்தது, ஒருத்தி வெளியே வந்தாள், இன்னொருத்தி உள்ளே போனாள். லாரி டிரைவர் ஹாரன் அடித்தான். மாடிப்படியில் வீணா மேடம் கால் மாற்றி நின்றார். வரிசை குறைந்து பேக்கரிவரை வருவதற்குள் சுந்தரேசன் சரி என்றுவிட்டார். எல்லாவற்றுக்கும் சரி என்றார், முனியப்பனையும் பேக்கரிக்காரரையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு.

"சரின்னு சொல்லியாச்சும்மா. இப்பவாவது போய் உட்காருங்க, ஷிப்மென்ட் போகணும்."

"போறோம் சார்" என்றாள் அல்போன்சா. "கடைசி ஆள் வரைக்கும் போயிட்டு வரட்டும்."

அவர் நின்றார். கடைசி ஆள்வரை நின்றார். அன்றைக்கு ஷிப்மென்டும் போனது, ஒரு பீஸ் திரும்பி வரவில்லை. நிலையான கூலி அடுத்த மாதமே வந்தது. பாத்ரூம் கட்ட மட்டும் ஆயிரம் சாக்குச் சொன்னார், மேஸ்திரி வரவில்லை, டைல்ஸ் வரவில்லை என்று. சரசு இன்னொரு தரம் எல்லோரையும் தண்ணீர் குடிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டாள், மறுநாளே டைல்ஸ் வந்துவிட்டது. ஊசித் தடுப்புகளும் மிஷின்களில் திரும்ப ஏறின. சிவப்பு சிரப்புக்கு ஆள் இல்லையே என்று மெடிக்கல் ஷாப்காரன் விசாரித்ததாகக் கேள்வி.

எல்லாம் சரி, அல்போன்சாவின் கிட்னி? அதுதான் அவளை உறங்கவிடாத பயம். மழைக்காலம் முடிந்ததும் டாக்டர் சுப்ரியா ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். நோயல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தான். ஸ்கேன் எடுக்கிற சின்னப் பெண் ஒரு பெரிய சொம்புத் தண்ணீரை நீட்டினாள்.

"முழுசா குடிச்சிடுங்க ஆன்ட்டி. நான் கூப்பிடற வரைக்கும் அடக்கி வெச்சுக்கணும், எழுந்து போகக் கூடாது. உங்களால முடியுமா?"

அல்போன்சாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்தது. பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "அடக்கறதுல என்னை ஜெயிக்க இந்த ஊர்ல ஆள் கிடையாது கண்ணு" என்றாள். "ஆனா இதுதான் கடைசி."

டாக்டர் சுப்ரியா தானே வந்து திரையைப் பார்த்தார். வயிற்றின் மேல் கருவியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தி, அழுத்தி, மறுபடி பார்த்தார். அல்போன்சா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"ரெண்டு கிட்னியும் சென்னாகிதே அல்போன்சா. ஒரு குறையும் இல்ல. சரி, இப்ப நீங்க பாத்ரூம் போயிட்டு..."

அவர் சொல்லி முடிக்கும்போது படுக்கை காலியாக இருந்தது. அல்போன்சா கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.